கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு ஐடிலில் நிலைகொள்ளாத இன்ஜெக்‌ஷன் எஞ்சின்: ட்யூனிங்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள், சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைத் திறந்து மூடும் ஒரே கேம்ஷாஃப்ட் கொண்ட 1998 சிசி பெட்ரோல் எஞ்சின். கம்பெனி ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) எடுத்துவிட்டு, மேப் சென்சார் காட்டும் மேனிஃபோல்டு (த்ராட்டிலுக்கும் வால்வுகளுக்கும் இடையே காற்று செல்லும் குழாய்) அழுத்தத்தையும் எஞ்சின் வேகத்தையும் வைத்து எரிபொருளைக் கணக்கிடும் புரோகிராமபிள் ஈசியூ ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொருத்தினேன். பழைய கேம்ஷாஃப்டுடன் ஐடிலில் 800 ஆர்பிஎம், 32 கிலோபாஸ்கல் என்று முள் அசையாமல் நின்றது.

சென்ற மாதம் ஹெட்டைக் கழற்றி, அதன் அடித்தளத்தை இழைத்துச் சமப்படுத்தியபோது, கூடவே கேம்ஷாஃப்டையும் மாற்றினேன். அதனுடன் வந்த அட்டையில், 1.27 மி.மீ. லிஃப்டில் (வால்வு உயர்வில்) அளந்த ட்யூரேஷன் (வால்வு திறந்திருக்கும் கிராங்க் கோணம்) இன்டேக்கிற்கு 232 டிகிரி, எக்ஸாஸ்டிற்கு 236 டிகிரி, லோப்களுக்கு (வால்வைத் தள்ளும் மேடுகளுக்கு) இடையிலான கோணம் 108 டிகிரி, இன்டேக் சென்டர்லைன் (பிஸ்டன் உச்சியைக் கடந்து இன்டேக் வால்வு முழுதாகத் திறக்கும் கோணம்) 104 டிகிரி என்று இருக்கிறது. பழையதில் இரண்டுக்கும் 196 டிகிரி, லோப் கோணம் 112.

இப்போது ஐடில் அழுத்தம் 55 கிலோபாஸ்கலுக்கு ஏறி, 50-க்கும் 60-க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கிறது. வேகம் 600-க்கும் 1200-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. எக்ஸாஸ்டில் உள்ள வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டுவதால் ஈசியூ தன் எல்லையான 20 சதவீதம் வரை பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆனால் பிளக்குகளைக் கழற்றினால் கரி படிந்திருக்கிறது, சைலன்ஸரில் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கிறது. லீன் என்பதை நம்புவதா, கரியை நம்புவதா? எரிபொருள் அட்டவணை முழுவதையும் புதிதாக எழுத வேண்டுமா, அல்லது இந்தக் கேம்ஷாஃப்டே இன்ஜெக்‌ஷனுக்கு ஒவ்வாததா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கரியை நம்புங்கள். உங்கள் சென்சாரும் பொய் சொல்லவில்லை. அது அளப்பது ஒன்று, நாம் அதிலிருந்து புரிந்துகொள்வது வேறொன்று.

முதலில் அட்டையில் உள்ள எண்களைக் கொண்டு ஓவர்லேப்பை, அதாவது இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் கோணத்தை, கணக்கிடுவோம். இன்டேக், எக்ஸாஸ்ட் ட்யூரேஷன்களின் சராசரியிலிருந்து லோப் கோணத்தின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லேப் கிடைக்கும். பழையதில் 196-லிருந்து 224 போக மைனஸ் 28, அதாவது 1.27 மி.மீ. அளவில் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு மூடிய பிறகும் 28 டிகிரி இடைவெளி விட்டே இன்டேக் திறந்தது. புதியதில் 234-லிருந்து 216 போக பிளஸ் 18. ஆக, ஒரே நாளில் ஓவர்லேப்பை 46 டிகிரி கூட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஐடிலில் நடப்பவை எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணின் விளைவுகளே.

ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைவாகவும், எக்ஸாஸ்ட் குழாயில் வளிமண்டல அளவிலும் இருக்கும். இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்த நேரத்தில் எரிந்த வாயு அழுத்தம் குறைந்த பக்கமான மேனிஃபோல்டை நோக்கிப் பின்னால் பாய்கிறது. அடுத்த இன்டேக் ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் முதலில் உள்ளிழுப்பது அந்தப் பழைய வாயுவைத்தான். இவ்வாறு நீர்த்த கலவை மெதுவாக எரியும், சில சுற்றுகளில் எரியவே எரியாது. எரியாத சுற்றில் சிலிண்டருக்குள் போன ஆக்சிஜன் முழுவதும் அப்படியே எக்ஸாஸ்டில் வெளியேறுகிறது. வைட்பேண்ட் ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. அருகில் எரியாத பெட்ரோலும் போகிறது என்பதை அது முழுமையாகக் கணக்கில் கொள்ள முடியாததால் லீன் என்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்ட, கலவை மேலும் ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகி, மிஸ்ஃபயர் (எரியாத சுற்றுகள்) அதிகரித்து, சென்சார் இன்னும் லீன் காட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்காமல் எந்த அட்டவணையைத் திருத்தினாலும் பயனில்லை.

எனவே முதல் வேலையாக, 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தை முழுமையாக அணைத்துவிடுங்கள். இரண்டாவதாக, எரிபொருளைத் தொடாமல் இக்னிஷனுக்குப் போங்கள். மெதுவாக எரியும் கலவைக்கு முன்கூட்டியே தீப்பொறி வேண்டும். பழைய கேம்ஷாஃப்டிற்கு ஐடிலில் 10 டிகிரி டைமிங் (பிஸ்டன் உச்சியை எட்ட 10 டிகிரி முன் தீப்பொறி) போதுமானதாக இருந்திருக்கும். இதற்கு 18 முதல் 22 வரை தேவைப்படலாம். டைமிங்கைக் கூட்டும்போது அதே வேகத்திற்குக் குறைந்த காற்றே போதுமானதாகி, மேப் அளவு தானாக இறங்குவதைக் காண்பீர்கள். அந்த இறக்கம் நிற்கும் இடத்திற்கு இரண்டு மூன்று டிகிரி முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் வேகம் விழும்போது ஈசியூ கூட்டித் தாங்கிப்பிடிக்க டைமிங்கில் சற்று மிச்சம் இருக்க வேண்டும். அட்டவணையிலேயே 700 ஆர்பிஎம்மில் 24, 900-இல் 19, 1100-இல் 14 என்று சரிவாக எழுதினால், வேகம் விழுந்தால் டார்க் கூடும், ஏறினால் குறையும். பாதி ஆட்டம் அதிலேயே அடங்கிவிடும்.

மூன்றாவது காற்று. 800 ஆர்பிஎம்மை மறந்துவிட்டு 900 அல்லது 950 என்று இலக்கு வையுங்கள். ஐடிலுக்குக் காற்று விடும் ஐடில் வால்வு எந்நேரமும் முழுதாகத் திறந்தே இருந்தால் அதற்குக் கட்டுப்படுத்த இடமில்லை. த்ராட்டில் ஸ்டாப் திருகைச் சற்றுத் திறந்து, வால்வு தன் வீச்சின் நடுப்பகுதியில் வேலை செய்யும்படி கொண்டுவாருங்கள். திருகைத் தொட்ட பிறகு த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் பூஜ்ஜியத்தை மீண்டும் பதிவுசெய்ய மறக்க வேண்டாம். நான் ஒருமுறை அதை மறந்து, எஞ்சின் ஐடில் நிலைக்கே வரவில்லை என்று ஈசியூ நினைத்துக்கொண்டிருக்க, ஒரு முழு மாலையை வீணடித்திருக்கிறேன்.

இவை மூன்றும் முடிந்த பிறகே பெட்ரோல். பெட்ரோலின் எடைக்கு 14.7 மடங்கு காற்று என்ற வழக்கமான இலக்கை இந்த எஞ்சின் ஐடிலில் ஏற்காது, 13.2 முதல் 13.8 வரை எங்கே மேப் அளவு மிகக் குறைவாகவும் நிலையாகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சென்சார் எண்ணைவிட மேப் முள்ளும் உங்கள் காதும் இங்கே நல்ல வழிகாட்டிகள்.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழுத்தத்தை அளந்து எரிபொருள் கணக்கிடும் முறைக்கே இத்தகைய கேம்ஷாஃப்டுடன் ஒரு பிறவிக் குறை உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டு பெட்ரோலை அளந்த போஷ் டி-ஜெட்ரானிக் 1967-இல் வந்தது. அதன் பெயரிலுள்ள ‘டி’, அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அந்த அமைப்பு குறிப்பிட்ட எஞ்சினின் குறிப்பிட்ட கேம்ஷாஃப்டிற்கென்றே அளவிடப்பட்டது. கேம்ஷாஃப்டை மாற்றினால் அழுத்தத்திற்கும் உள்ளே போகும் காற்றிற்கும் உள்ள உறவே மாறிவிடும் என்ற அடிப்படைச் சிக்கல் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் பழைய அட்டவணையில் 55 கிலோபாஸ்கல் என்பது சாலையில் மிதமாக ஓட்டும் நிலை. இன்று அதே 55 கிலோபாஸ்கல் ஐடில். முன்பு 32-இலிருந்து 100 வரை விரிந்திருந்த வேலைப்பரப்பு இப்போது 55-இலிருந்து 100-க்குள் சுருங்கிவிட்டது. ஆகவே வெறுமனே பெட்டிகளில் உள்ள எண்களைத் திருத்துவதற்கு முன், அட்டவணையின் அழுத்த அச்சையே மாற்றி, 45-க்கும் 75-க்கும் இடையே வரிசைகளை நெருக்கமாக வையுங்கள். 20, 25 என்று வீணாகக் கிடக்கும் வரிசைகளில் ஒன்றை மட்டும் வண்டி இறக்கத்தில் இழுபடும் நிலைக்கு விட்டுவைத்தால் போதும். அதே போல, த்ராட்டிலை விட்டதும் பெட்ரோலை நிறுத்தும் வசதிக்கு அழுத்த எல்லை 25 என்று வைத்திருந்தால், குறைந்த வேகத்தில் இந்த எஞ்சின் அதை எட்டாமலே போகலாம், அதையும் பாருங்கள்.

மேப் அளவு ஆடுவதற்கு, ஈசியூ அதை எப்போது படிக்கிறது என்பதும் ஒரு காரணம். கண்ட நேரத்தில் படித்தால் துடிப்பின் உச்சியும் பள்ளமும் மாறி மாறிக் கிடைக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 டிகிரிக்கு ஒரு இன்டேக் துடிப்பு என்பதால், கிராங்கின் 180 டிகிரி சுழற்சிக்கான சராசரியை எடுக்குமாறு அமைத்தால் முள் பெருமளவு அமைதியாகும். வெறும் ஃபில்டரை ஏற்றி மழுப்பினால் அளவு தாமதமாக வந்து, த்ராட்டிலை மிதிக்கும்போது எஞ்சின் முக்கும்.

இதற்கும் அடங்காவிட்டால், 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே த்ராட்டில் கோணத்தையும் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டு, மேலே அழுத்தத்திற்கு மாறும் கலப்பு முறையைப் பயன்படுத்தலாம். காற்று ஓட்ட சென்சாருக்கு மாறலாமே என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். பின்னோக்கிப் பாயும் காற்று அந்தச் சென்சாரின் சூடான கம்பியைக் கடந்து மீண்டும் உள்ளே வரும்போது அதுவே மறுபடி எண்ணப்பட்டு, அந்த முறையில் கலவை ரிச் ஆகும்.

என் கருத்தில் மூலக் குற்றவாளி அந்த 108 டிகிரி. அதே ட்யூரேஷனுக்கு 112 எடுத்திருந்தால் ஓவர்லேப் 18-க்குப் பதில் 10 ஆக இருந்திருக்கும். நடுவேகத்தில் உச்ச டார்க் சிறிது குறைந்தாலும், ட்யூனிங் எளிதாக முடிந்திருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். சென்சார் திருத்தத்தை அணைத்து, ஐடில் டைமிங்கை 20 ஆக்கி, 950 ஆர்பிஎம்மை இலக்காக வைத்து, மேப் அளவை 180 டிகிரி சராசரிக்கு மாற்றினேன். இப்போது 48 கிலோபாஸ்கலில் 13.4 என்ற கலவையுடன் ஐடில் நிற்கிறது; லேசான உலுக்கல் இருந்தாலும் வேகம் ஏறி இறங்குவது நின்றுவிட்டது. பெட்ரோல் வாடையும் பெரும்பாலும் போய்விட்டது.

எஞ்சியிருப்பவை இரண்டு. 1500-க்கும் 2500-க்கும் இடையே முழு த்ராட்டில் கொடுத்தால், கலவை சரியாகவே இருந்தும் வண்டியில் உயிரில்லை. பழைய கேம்ஷாஃப்ட் அந்த இடத்தில் தெளிவாக நன்றாக இழுத்தது. இரண்டாவது, ஐடிலிலிருந்து சட்டென்று மிதித்தால் ஒரு கணம் அடைத்துக்கொண்டு பிறகே எழுகிறது. 5000-க்கு மேல் மட்டும் எதிர்பார்த்தபடி அபாரமாக இருக்கிறது.

மறுமொழி 3

நான் ஈசியூ வேலை செய்பவன் அல்ல, எஞ்சின் கட்டுபவன். அதனால் என் கேள்வி வேறு: அட்டையில் 104 என்று எழுதியிருக்கிறது, எஞ்சினில் 104 இருக்கிறதா என்று அளந்தீர்களா?

குறைந்த வேக இழுவையைத் தீர்மானிப்பதில் லோப் கோணத்தைவிட, இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பதற்கே பங்கு அதிகம். உங்கள் பழைய கேம்ஷாஃப்டின் சென்டர்லைன் 110 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் அடிமட்டத்தைக் கடந்து 28 டிகிரியில் வால்வு மூடியது. புதியது, அட்டைப்படி பொருத்தியிருந்தால், 40 டிகிரியில் மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்ப வெளியே தள்ளப்படுகிறது. வேகம் கூடியதும் காற்றின் உந்தம் அதைத் தடுத்து, மாறாக இன்னும் கொஞ்சம் திணிக்கிறது. 5000-க்கு மேல் உங்களுக்குக் கிடைக்கும் இன்பமும் 2000-இல் உள்ள சோர்வும் ஒரே நாணயத்தில் கொடுத்து வாங்கியவை. ஆனால் ‘உயிரில்லை’ என்னும் அளவுக்குச் சோர்வு என்றால், 40-ஐத் தாண்டி மூடுகிறதோ என்று சந்தேகிக்கிறேன்.

சந்தேகத்திற்குக் காரணம், ஹெட்டை இழைத்தேன் என்று போகிற போக்கில் நீங்கள் சொன்ன செய்தி. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் ஹெட் கீழே இறங்கும்போது கேம் கப்பிக்கும் கிராங்க் கப்பிக்கும் இடையிலான தூரம் குறைந்து, கேம்ஷாஃப்ட் சில டிகிரி பின்தங்கும். பெல்ட் ஒரு பல் மாறியிருந்தால் இதைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும். 40 பற்கள் உள்ள கப்பியில் ஒரு பல் என்பது கிராங்கில் 18 டிகிரி.

கிராங்கில் டிகிரி வீலையும் இன்டேக் வால்வின் மேல் டயல் கேஜையும் பொருத்துங்கள். முழு லிஃப்டிற்கு 1.27 மி.மீ. குறைவாக இருக்கும் கோணத்தை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுத்தால் அதுவே உண்மையான சென்டர்லைன். கிராங்கை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். வால்வு கிளியரன்ஸையும் அப்போதே சரிபாருங்கள். இறுக்கமாக இருந்தால் வால்வு முன்னதாகத் திறந்து தாமதமாக மூடும், அதாவது அட்டையில் இல்லாத ஓவர்லேப்பை நீங்களே சேர்த்தவர் ஆவீர்கள்.

கேம்ஷாஃப்டை முன்னே நகர்த்த வேண்டியிருந்தால் கவனம்: இன்டேக் வால்வு அப்போது பிஸ்டனுக்கு இன்னும் அருகில் வரும், ஹெட்டை இழைத்ததால் அந்த இடைவெளி ஏற்கெனவே குறைந்திருக்கும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இடைவெளிக்குக் குறைவாக நான் எந்த எஞ்சினையும் மூடுவதில்லை.

இரண்டாவது மறுமொழி எழுதிய நண்பருக்கு ஒரு சொல். லோப் கோணத்தைத் தனியாகக் குற்றம் சொல்வது முறையன்று. 196 டிகிரி ட்யூரேஷனில் அதே 108 வைத்தால் ஓவர்லேப் மைனஸ் 20. அந்த எஞ்சின் ஐடிலில் பசுவைப் போல நிற்கும்.

மறுமொழி 1 எழுதியவர்

மேலே சொன்ன அளவீடு முடியும்வரை அட்டவணையில் கை வைக்காதீர்கள். சென்டர்லைன் நகர்ந்தால் 4000-க்குக் கீழே உள்ள எல்லா எண்களும் நகரும்.

அடைப்பைப் பற்றி: உங்கள் ஈசியூ, மேப் அளவு ஏறும் வேகத்தைக் கொண்டு மிதிக்கும் நேரத்துக் கூடுதல் பெட்ரோலைக் கணக்கிடுகிறது என்று நினைக்கிறேன். முன்பு மிதித்தால் 32-இலிருந்து 100-க்குத் தாவியது. இப்போது 48-இலிருந்துதான் கிளம்புகிறது. தாவல் சிறியதானதால் கூடுதல் பெட்ரோலும் குறைந்துவிட்டது. த்ராட்டில் திறக்கும் வேகத்தை அடிப்படையாகக் கொள்ளும் முறைக்கு மாற்றி, சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள்.

உங்கள் ஈசியூ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் அடிப்பதாக இருந்தால், இன்ஜெக்‌ஷன் முடியும் கோணத்தையும் கவனியுங்கள். ஓவர்லேப்பின்போது பெட்ரோல் அடித்தால், ஐடிலில் அது பின்னோக்கி வரும் சூடான வாயுவில் கலந்து ரன்னர் (சிலிண்டருக்குச் செல்லும் காற்றுக் குழாய்) முழுவதும் பரவும்; மேல் வேகத்தில் ஒரு பகுதி நேரே எக்ஸாஸ்டுக்குப் போகும். ஐடிலில் நின்றபடி கோணத்தை 30 டிகிரி வீதம் மாற்றிக்கொண்டே போங்கள். எங்கே மேப் அளவு குறைகிறதோ அதுவே இடம். மேல் வேகத்தில் இதற்குப் பெரிய பயனில்லை. 6500 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த ஒரு முழுச் சுற்றுக்கே (கிராங்கின் இரண்டு சுழற்சிக்கே) 18.5 மில்லிவினாடிதான் உள்ளது, அதில் பெரும்பகுதி நேரம் இன்ஜெக்டர் திறந்தேதான் இருக்கும். அந்தத் திறந்திருக்கும் நேரம் சுற்றின் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கேட்டவர்

அளந்துவிட்டேன். ஏறும்போது 75, இறங்கும்போது 145, சென்டர்லைன் 110. அட்டையைவிட 6 டிகிரி பின்தங்கியிருந்தது, இன்டேக் வால்வு 40-க்குப் பதில் 46-இல் மூடிக்கொண்டிருந்தது. வால்வு கிளியரன்ஸ் சரியாகவே இருந்தது. நகர்த்தக்கூடிய கேம் கப்பி ஒன்றைப் பொருத்தி 104-க்குக் கொண்டுவந்தேன். பிஸ்டன் மேல் களிமண் வைத்துச் சுற்றிப் பார்த்ததில் இன்டேக்கில் 2.4 மி.மீ. இடைவெளி கிடைத்தது.

பழைய அட்டவணையுடனே ஓட்டிப் பார்த்தபோது 1500-க்கும் 2500-க்கும் இடையே கலவை லீன் ஆகியிருந்தது. அதே அழுத்தத்தில் இப்போது அதிகக் காற்று உள்ளே தங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே 5 சதவீதம் வரை கூட்ட வேண்டியிருந்தது. 5500-க்கு மேல் 2 சதவீதம் குறைத்தேன். த்ராட்டில் வேகத்திற்கு மாற்றியதும் மிதிக்கும்போது வந்த அடைப்பும் போய்விட்டது.

ஒரு சிறு கேள்வி மட்டும்: 2000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில், முன்பு கேட்காத ஒரு மெல்லிய நாக்கிங் (கலவை தானாக வெடிக்கும்) சத்தம் இரண்டு முறை கேட்டது. டைமிங்கைக் குறைக்க வேண்டுமா?

மறுமொழி 3 எழுதியவர்

ஆம், உடனே. வால்வு முன்னதாக மூடுவதால் அந்த வேகத்தில் உண்மையான கம்ப்ரெஷன் கூடிவிட்டது, ஹெட்டை இழைத்ததும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. 46-இல் மூடியபோது தாங்கிய டைமிங்கை 40-இல் தாங்காது. 3000-க்குக் கீழே 80 கிலோபாஸ்கலுக்கு மேற்பட்ட பெட்டிகளில் 3 டிகிரி குறைத்துவிட்டு, சத்தமில்லாத நிலையிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஏற்றியும் இழுவை கூடாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஐடில் பெட்டிகளைத் தொட வேண்டாம்.

பிரேக்கையும் ஒருமுறை சோதியுங்கள். ஐடிலில் பிரேக் பூஸ்டருக்கு (பெடலை இலகுவாக்கும் கருவிக்கு) கிடைக்கும் வேக்வம் முன்பு 68 கிலோபாஸ்கல் இருந்தது, இப்போது ஏறக்குறைய 52 மட்டுமே. வண்டியை நிறுத்தி வைத்து, ஐடிலில் மூன்று நான்கு முறை தொடர்ந்து மிதித்து, பெடல் கல்லாகிறதா என்று பாருங்கள்.